முன் டிஸ்க் பிரேக் பிடித்தால் ஹேண்டில் அதிர்ந்தது: ரோட்டரிலிருந்து ஹப் வரை தேடிய பதிவு

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது முன் பிரேக்கைப் பிடித்தால் என் எம்டிபியின் (மலைப்பாதை சைக்கிள்) ஹேண்டில்பார் டுர்ர்ரென்று அதிரும். கீச்சென்று கத்துவது இல்லை, அது வேறு நோய். இது உள்ளங்கையில் தொடங்கித் தோள்வரை ஏறும் அதிர்வு. நல்ல வேகத்தில் போகும்போது தெரியாது. கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து 15 கிலோமீட்டருக்குக் கீழே வரும்போதுதான் ஆரம்பிக்கும். வளைவில் திரும்பப் போகிற நேரத்தில் முன் சக்கரம் இப்படி உதறினால் பிரேக்கை விடத்தான் கை போகும். இருபது வளைவு உள்ள மலைப்பாதையில் அது ஆபத்து. இப்போது அதிர்வு போய்விட்டது. எதனால் வந்தது, எந்த வேலை பலன் தந்தது, எது தரவில்லை என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

வண்டி அலுமினிய ஹார்ட்டெயில், அதாவது பின்னால் சஸ்பென்ஷன் இல்லாதது. 27.5 அங்குல வீல், முன்னால் 100 மி.மீ. சஸ்பென்ஷன் ஃபோர்க், சாதா குவிக் ரிலீஸ் (சக்கரத்தைக் கருவியில்லாமல் கழற்றி மாட்டும் லிவர்). பிரேக் ஷிமானோ எம்டி200 ஹைட்ராலிக். இரண்டு சக்கரத்திலும் 160 மி.மீ. ரோட்டர் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு), ஆறு போல்ட், அந்தத் தட்டை இரு பக்கமும் பிடிக்கும் ரெசின் பேட். வாங்கி நாலு வருடத்துக்கு மேல் ஆகிறது. மழையும் செம்மண் புழுதியும் மலை இறக்கமும் நிறையப் பார்த்த வண்டி.

யாரிடம் கேட்டாலும் முதலில் சொல்வது, "பேட்ல ஆயில் பட்டிருக்கும், மாத்திடுங்க." அதனால் நானும் பேடிலிருந்துதான் ஆரம்பித்தேன். சக்கரத்தைக் கழற்றி, பின்னை நிமிர்த்தி, இரண்டு பேடையும் நடுவில் உள்ள ஸ்பிரிங்கோடு சேர்த்து உருவி எடுத்தேன். தேய்மானப் பகுதி 1.3 மி.மீ. மீதி இருந்தது. 0.5 மி.மீ. வந்தால்தான் மாற்ற வேண்டும், ஆக கனம் போதும். ஆனால் மேற்பரப்பு பளபளவென்று கண்ணாடி ஏறியிருந்தது. ஒரு கண்ணாடித் துண்டின் மேல் 120 நம்பர் உப்புத்தாளை வைத்து, பளபளப்பு போய் ஒரே சாம்பல் நிறம் வரும்வரை தேய்த்தேன். ரோட்டரை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பனியன் துணியால், துணியில் கறுப்பு ஒட்டாத வரை துடைத்தேன். இந்த ஆல்கஹால் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும், அரை லிட்டர் 240 ரூபாய். சானிடைசரைப் போடாதீர்கள். அதில் கலந்திருக்கும் பிசுபிசுப்பு ரோட்டரில் தங்கிவிடும்.

அடுத்த இறக்கத்தில் அதிர்வே இல்லை. அதற்கடுத்த வாரம் பழையபடி வந்துவிட்டது. புது பேட் 550 ரூபாய்க்கு வாங்கிப் போட்டேன். அதே கதைதான்: முதலில் அமைதி, கொஞ்ச நாளில் டுர்ர்ர்.

இந்த இடத்தில் பலரும் ஏமாறுவார்கள் என்று நினைக்கிறேன். தேய்த்த பேடும் துடைத்த ரோட்டரும் ஒன்றோடொன்று பழகும்வரை பிடிப்பு குறைவாகவே இருக்கும். பிடிப்பு குறைவாக இருந்தால் அதிர வைக்கும் விசையும் குறைவு. பேட் பழகிப் பிடிப்பு முழுதாகத் திரும்பியதும் அதிர்வும் கூடவே திரும்பும். ஆகவே பேடைச் சுத்தம் செய்த உடனே நின்றுபோன அதிர்வை, குணமான அதிர்வு என்று எண்ணக் கூடாது. பேட் நன்றாகப் பழகிய பிறகும் வராமல் இருந்தால்தான் கணக்கு.

அப்புறம் மலையை விட்டுவிட்டு சமதரைக்கு வந்தேன். சேலம் கன்னங்குறிச்சி மூக்கனேரிப் பக்கம் காலையில் வண்டி நடமாட்டம் இல்லாத நேரம். ஒரே வேகத்தில் ஓட்டி, ஒரே அழுத்தத்தில் முன் பிரேக்கை மட்டும் பிடித்துப் பார்த்தேன். அங்கேதான் ஒன்று தெளிவானது. அதிர்வு ஒன்று இல்லை, இரண்டு. ஒன்று பிரேக் லிவரில் இருக்கும் விரலுக்குத் தெரிகிறது. தட்... தட்... தட்... என்று நிதானமாக, எண்ண முடிகிற மாதிரி விரலைத் தள்ளுகிறது. மற்றொன்று ஹேண்டில்பாரில் வருகிற டுர்ர்ர். அதை எண்ணவே முடியாது, அவ்வளவு வேகம்.

எண்ண முடிகிறதுதான் சுலபமான துப்பு. 27.5 அங்குலச் சக்கரம், 2.1 டயர் என்றால் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.15 மீட்டர் உருளும். 15 கி.மீ. வேகத்தில் நொடிக்கு ஏறக்குறைய இரண்டு சுற்று. விரலில் விழுந்த தட்டும் நொடிக்கு இரண்டுதான், அதாவது சுற்றுக்கு ஒரு தட்டு. உறுதிப்படுத்த டயரின் பக்கவாட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். கீழே இறங்கி, லிவரை லேசாகப் பிடித்தபடி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். கோடு ஃபோர்க்கைத் தாண்டி ஒரு சாண் போனதும் லிவர் விரலைத் தள்ளியது. ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில். ஆக, அது சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் ஏதோ ஒன்றின் வேலை. ரோட்டரைத் தவிர வேறு எதுவும் அப்படிச் செய்யாது.

ரோட்டர் என்றதும் கோட்டம் எடுப்பதுதான் நினைவுக்கு வரும். ஃபோர்க் காலில் ஒரு கேபிள் டையைக் கட்டி, அதன் நுனி ரோட்டரின் பக்கவாட்டைத் தொடாமல் தொடும்படி வெட்டினேன். சக்கரத்தைச் சுற்றினால் எங்கே நெளிவு என்று இடைவெளியைப் பார்த்தே தெரிந்துவிடும். ஓரிடத்தில் அரை மி.மீ. அளவுக்கு வெளியே வந்தது. சிறிய அட்ஜஸ்டபிள் ஸ்பேனரின் வாயில் சுத்தமான காகிதத்தை மடித்து வைத்து, அந்த இடத்தைப் பிடித்து உள்பக்கமாக மெல்ல அழுத்தி விட்டேன். பொறுமையான வேலை. கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் அடுத்த பக்கம் நெளியும். வெறும் கையால் ரோட்டரைத் தொடவும் கூடாது, விரலின் எண்ணெய்ப் பசை போதும். முடிவில் நெளிவு தலைமுடி கனத்துக்குக் குறைந்தது.

லிவரின் தட்டல் அப்படியே இருந்தது. துளி மாற்றம் இல்லை.

யோசித்தால் அது நியாயம்தான். இந்த காலிப்பரில் (பேடை ரோட்டர் மேல் அழுத்தும் பாகம்) இரண்டு பக்கமும் பிஸ்டன் இருக்கிறது, இரண்டுக்கும் ஒரே எண்ணெய். ரோட்டர் நெளிந்து ஒரு பிஸ்டனை உள்ளே தள்ளினால் எதிர்ப்பக்கத்துப் பிஸ்டன் அதே அளவு வெளியே வந்துவிடும். லிவருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. லிவர் விரலைத் தள்ள வேண்டுமென்றால் இரண்டு பிஸ்டனும் ஒரே நேரத்தில் உள்ளே போக வேண்டும். ரோட்டர் ஓரிடத்தில் கனமாகவும் ஓரிடத்தில் மெலிந்தும் இருந்தால்தான் அது நடக்கும். பிரேக் பிடிக்காதபோதே சர்க் சர்க்கென்று உரசினால் நெளிவு. பிடித்தால் லிவர் துடித்தால் கன வித்தியாசம். இந்த ஒரு வரியை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் ஒரு மாலைப்பொழுது மிஞ்சியிருக்கும்.

அடுத்து செய்த சோதனைதான் இந்த முழு வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்தது, செலவும் இல்லாதது. முன்னும் பின்னும் ஒரே 160 மி.மீ., ஒரே ஆறு போல்ட். இரண்டு ரோட்டரையும் இடம் மாற்றிப் போட்டேன். இதற்கு டி25 டார்க்ஸ் கீ (நட்சத்திர முனை) வேண்டும், 90 ரூபாய். ஆலன் கீயை வைத்துத் திருக வேண்டாம், தலை மழுங்கிவிடும். டார்க்ஸ் கீயையும் குழிக்குள் முழுதாக இறக்கி, மேலிருந்து அழுத்திக்கொண்டே திருப்ப வேண்டும். மாற்றிப் போட்டு, இரண்டு பிரேக்கையும் கொஞ்சம் பழக்கி, மறுபடி அதே ஏரிக்கரை. லிவரின் தட்டல் பின் பிரேக்குக்குப் போய்விட்டது. ஹேண்டில்பாரின் டுர்ர்ர் மட்டும் முன் பிரேக்கிலேயே தங்கிவிட்டது.

இரண்டு அதிர்வுக்கும் இரண்டு காரணம் என்று அங்கே தீர்ந்தது.

ரோட்டரை முதலில் முடிப்போம் என்று அளக்க உட்கார்ந்தேன். என்னிடம் இருந்த டிஜிட்டல் வெர்னியரில் 1.73 மி.மீ. காட்டியது. புது ரோட்டர் 1.8. குறைந்தபட்சம் 1.5 இருக்க வேண்டும் என்று ரோட்டரிலேயே பொறித்திருக்கும். இதன்படி நிறைய மிச்சம் இருக்கிறதே என்று குழம்பிப்போய், தெருமுனையில் இருக்கும் லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். அண்ணன் ரோட்டரை வாங்கி, விரல் நகத்தை நடுவிலிருந்து வெளி ஓரத்தை நோக்கி இழுத்தார். ஓரத்துக்குச் சற்று முன்னால் நகம் டக்கென்று தட்டி நின்றது.

"தம்பி, பேட் தேய்க்கிறது உள்ள. ஓரம் தேயாம வரப்பு மாதிரி நிக்குது. வெர்னியர் வாய் அந்த வரப்பு மேலதான் உக்காரும்."

நான் கைக்குட்டையில் சுற்றி ரோட்டரைக் கொண்டு போயிருந்தேன். அவர் மைக்ரோமீட்டரின் முனைகளைப் பெட்ரோலில் துடைத்துவிட்டு, வரப்பைத் தாண்டி உள்ளே வைத்து அளந்தார். நான் மார்க்கரால் எட்டு இடத்தில் புள்ளி வைத்துக்கொண்டே வந்தேன். அதிகபட்சம் 1.58, குறைந்தபட்சம் 1.46. பின் ரோட்டரையும் அளந்து பார்த்தோம். சுற்றிலும் 1.70க்கும் 1.72க்கும் நடுவில். ஒரே ரோட்டரில் 0.12 மி.மீ. வித்தியாசம் என்பது கண்ணுக்குத் தெரியாது, விரலில் வைத்துத் தடவினாலும் தெரியாது. ஆனால் லிவருக்கு நன்றாகவே தெரிகிறது. அதோடு ஓரிடத்தில் 1.5க்குக் கீழே போய்விட்டது. மலை இறக்கத்தில் சூடேறும் ரோட்டர் இந்தக் கனத்தில் எளிதாக நெளியும், பிஸ்டனும் அளவுக்கு மீறி வெளியே வர வேண்டியிருக்கும். இனி அதைப் போட்டு ஓட்டுவது சரியில்லை. அண்ணன் அளந்ததற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஷிமானோ ஆர்டி56 ரோட்டர், 160 மி.மீ., 1,100 ரூபாய். இது ரெசின் பேடுக்கு மட்டுமானது, அது ரோட்டரிலேயே எழுதியிருக்கும். மெட்டல் பேட் வைத்திருப்பவர்கள் வேறு மாடல் பார்க்க வேண்டும். ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பாகம்) ரோட்டர் உட்காரும் முகத்தைத் துடைத்து, ஆறு போல்ட்டையும் முதலில் விரலால் ஏற்றி, பிறகு எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். ஷிமானோ சொல்லும் இறுக்கம் 2 முதல் 4 நியூட்டன் மீட்டர், அது ரொம்பக் குறைவு. நண்பரின் டார்க் ரெஞ்ச் இரவலாகக் கிடைத்ததால் 4 வைத்தேன். ரெஞ்ச் இல்லாவிட்டால் டி25 எல் கீயின் நீளமான கையின் நுனியைப் பிடிக்காமல் வளைவுக்குப் பக்கத்தில் பிடித்து இறுக்கினால் அளவு மீறாது. பழைய ரோட்டரின் தேய்மானம் பேடிலும் பதிந்திருந்ததால் பேடை மறுபடி கண்ணாடி மேல் தேய்த்துச் சமன் செய்தேன்.

பழக்குவதை அவசரப்படாமல் செய்ய வேண்டும். 20 கி.மீ. வேகத்திலிருந்து நடை வேகம் வரும்வரை ஒரே சீராகப் பிடித்து விடுவது, இருபது தடவை. பிறகு இன்னும் கூடுதல் வேகத்திலிருந்து பத்து தடவை. முழுதாக நிற்கக் கூடாது. சூடான பேடை ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்து நின்றால் அந்த அச்சு ரோட்டரில் படிந்து, அதுவே புதிதாக ஒரு தட்டலைக் கொண்டுவரும்.

லிவர் இப்போது அமைதி. இனி டுர்ர்ர்.

இதற்கு ஆட்டம் தேட வேண்டும். பேட் ரோட்டரைப் பிடிக்கும்போது ஃபோர்க் கால் பின்னால் வளைகிறது, பிடி நழுவும்போது முன்னால் திரும்புகிறது. இது நொடிக்குப் பல தடவை நடக்கிறது. எல்லாம் இறுக்கமாக இருந்தால் அடங்கிவிடும், எங்காவது ஒரு லூஸ் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு வளரும். முன் பிரேக்கை அழுத்திப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினேன். டொக் டொக். ஆனால் எங்கிருந்து? ஹெட்செட்டின் (ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்) கீழ் கப் மேல் விரலைச் சுற்றி வைத்து ஆட்டினேன், அங்கே அசைவு இல்லை. ஃபோர்க்கின் உள் குழாயும் வெளிக் குழாயும் சேரும் ரப்பர் சீல் மேல் விரல் வைத்தேன், மிக லேசான அசைவு. காலிப்பருக்குள் பேடே கொஞ்சம் முன்பின் நகரும், அதுவும் டொக் என்று சத்தம் தரும். அது இயல்பு, பழுது இல்லை. பிரேக் பிடித்துச் செய்யும் சோதனை இதனால்தான் குழப்பும்.

பிரேக்கை விட்டுவிட்டு, ஒரு கையால் ஃபோர்க் காலைப் பிடித்து, மறு கையால் ரிம்மின் மேல் பக்கத்தைப் பக்கவாட்டில் தள்ளினேன். அங்கே கிடைத்தது. ரிம்மில் ஒரு மி.மீ. அளவுக்கு ஆட்டம். குவிக் ரிலீஸ் நன்றாக இறுகித்தான் இருந்தது. சக்கரத்தைக் கழற்றி ஆக்ஸிலை விரலால் சுற்றினால் மணல் அரைபடுவது தெரிந்தது. ஹப்பின் கோன் (பேரிங் பால்ஸை அழுத்திப் பிடிக்கும் கூம்பு நட்டு) லூஸாகி, உள்ளே புழுதியும் போயிருந்தது. இதற்கு முன் சர்வீஸுக்கு விட்ட கடையில் சக்கரத்தைக் கழற்றி மாட்டினார்களே தவிர, ஹப்பைத் திறக்கவில்லை.

ஹப்பைத் திறக்குமுன் ரோட்டரைக் கழற்றி வேறு அறையில் வைத்துவிடுங்கள். கிரீஸ் ஒரு பொட்டு பட்டால் இவ்வளவு வேலையும் பாழ். என் ஹப்புக்கு 13 மி.மீ. கோன் ஸ்பேனரும் லாக் நட்டுக்கு 17-ம் தேவைப்பட்டன, இரண்டும் சேர்த்து 380 ரூபாய். சாதா ஸ்பேனர் கனம் அதிகம், கோனின் இடுக்கில் நுழையாது. பக்கத்துக்குப் பத்து பால்ஸ், 3/16 அங்குலம். டீசலில் கழுவியதும் பழைய பால்ஸ் மங்கிப்போய், சிலவற்றில் கோடு விழுந்திருந்தது. இருபதும் புதிது, 40 ரூபாய். கோனை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பால்ஸ் ஓடிய வரி சீராக இருந்தது, குழி இல்லை. குழி இருந்திருந்தால் கோனையும் மாற்றித்தான் ஆக வேண்டும்.

கோனை இறுக்குவதில்தான் நேரம் போனது. குவிக் ரிலீஸ் ஆக்ஸில் உள்ளே ஓட்டை. குவிக் ரிலீஸ் லிவரை மூடும்போது அது இம்மியளவு அமுங்கும். கையில் வைத்திருக்கும்போதே ஆட்டமில்லாமல் இறுக்கினால், ஃபோர்க்கில் மாட்டி மூடியதும் பேரிங் நெரிபடும். ஆகவே வெளியே இருக்கும்போது துளி ஆட்டம் வைக்க வேண்டும், லிவரை மூடியதும் அது மறைய வேண்டும். மாட்டு, மூடு, ரிம்மைத் தள்ளிப் பார், கழற்று, கோனைக் கடிகார முள் ஒரு நிமிடம் நகரும் அளவுக்குத் திருப்பு, லாக் நட்டை இறுக்கு, மறுபடி மாட்டு. லாக் நட்டை இறுக்கும்போது கோனும் கூடவே நகரும், அதனால் கோனை ஸ்பேனரால் பிடித்துக்கொண்டே இறுக்க வேண்டும். சரியாக அமைந்தபோது ஆட்டமும் இல்லை. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டால் ட்யூப் வால்வின் எடைக்கே மெல்ல முன்னும் பின்னும் ஊசலாடி நின்றது.

கடைசியாக காலிப்பர். போல்ட் இரண்டையும் தளர்த்தி, ஃபோர்க்கில் அது உட்காரும் முகத்தில் திரண்டிருந்த பெயிண்ட் துளியைச் சுரண்டினேன். ரோட்டருக்கு இரண்டு பக்கமும் சம இடைவெளி தெரியும்படி பின்னால் வெள்ளைக் காகிதம் வைத்துப் பார்த்து, 5 மி.மீ. ஆலன் கீயால் மாற்றி மாற்றி இறுக்கினேன். 6 முதல் 8 நியூட்டன் மீட்டர்.

பேட் முழுதாகப் பழகும்வரை ஊருக்குள்ளேயே ஓட்டிவிட்டுத்தான் மலைக்குப் போனேன். இறக்கத்தில் ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் வேண்டுமென்றே 15 கிலோமீட்டருக்குக் கீழே கொண்டுவந்து, முன் பிரேக்கை அதே அரை அழுத்தத்தில் பிடித்தேன். இரண்டு விரல் வைத்த இடத்தில் ஒரு விரல் போதுமானதாக இருந்தது, ஹேண்டில் அசையவில்லை. அதற்குப் பிறகும் பல வாரங்கள் ஆகிவிட்டன. திரும்ப வரவில்லை.

மொத்தச் செலவு 2,400 ரூபாய். பேட் 550, ஆல்கஹால் 240, டார்க்ஸ் கீ 90, ரோட்டர் 1,100, ஸ்பேனர் 380, பால்ஸ் 40. இதில் பேடை அவ்வளவு சீக்கிரம் வாங்கியிருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை கடைக்குப் போகுமுன் காசில்லாத சோதனைகளை முடித்துவிடுவேன்: முதலில் ரிம்மைத் தள்ளி ஹப் ஆட்டம், பிறகு ஹெட்செட், போல்ட்டுகள். அதன்பின் சாக்பீஸ் கோடு போட்டுத் தள்ளிக்கொண்டு நடப்பது. தட்டல் இருந்தால் ரோட்டர்களை இடம் மாற்றிப் பார்ப்பது. அளப்பது என்றால் மைக்ரோமீட்டர், அதுவும் வரப்பைத் தாண்டி. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். பேட், ரோட்டர், ஹப் மூன்றையும் ஒரே நாளில் மாற்றியிருந்தால் எது காரணம் என்று இன்றுவரை தெரிந்திருக்காது.

ஒன்று மட்டும் பாக்கி. சீல் மேல் விரல் வைத்தபோது தெரிந்த அந்த லேசான அசைவு ஃபோர்க்கின் உள்ளே குழாயைத் தாங்கும் வளையமான புஷ் தேய்ந்ததால் வருவது. குப்பனூர் வழியாகச் செங்குத்தாக இறங்கும்போது, வண்டி நிற்கப்போகும் கடைசி நொடியில் கை அதை லேசாக உணர்கிறது. இந்த விலை ஃபோர்க்குக்குப் புஷ் தனியாகக் கிடைப்பது சிரமம் என்கிறார்கள். இப்போதைக்குக் கீழ்க் கால்களைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்திருக்கிறேன். மாதம் ஒரு முறை அதே சோதனையைச் செய்து பார்ப்பேன், அசைவு கூடினால் ஃபோர்க்கை மாற்றுவதாக முடிவு.